எவ்வளவு நடந்தால் போதும்

என் ரத்தத்தை எடுத்தவள் என் மனைவிதான். அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் பதினெட்டு வருடங்களாக வேலை பார்க்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை என்னையும் வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, மற்றவர்களைப் போலவே வரிசையில் உட்காரவைத்து ஊசி குத்துவாள். அந்த வருடமும் அப்படித்தான் நடந்தது. ஆனால் முடிவு வந்த தாளை வழக்கம்போல ஃப்ரிட்ஜின் மேல் வைக்காமல், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு தட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தாளை வைத்தாள்.

"மூணு மாச சர்க்கரைங்க இது. வியாதின்னு இன்னும் சொல்ல முடியாது. ஆனா வாசல் வரைக்கும் வந்திருச்சு," என்றாள்.

எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. ஐந்தடி ஆறு அங்குல உயரத்துக்குத் தொண்ணூற்றொரு கிலோ எடை. மாநில அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர் வேலை. காலையில் ஸ்கூட்டரில் போய் நாற்காலியில் உட்கார்ந்தால், சாயங்காலம் எழுந்து ஸ்கூட்டரில் திரும்புவேன். ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்து மைசூருக்கு வந்த தாத்தாவுக்கும், பிறகு அப்பாவுக்கும் அறுபதுக்குள் சர்க்கரை வந்திருந்தது. எனக்கும் வரும் என்று தெரியும். ஓய்வு பெற்ற பிறகு வரும் என்று நானாகவே ஒரு தேதி வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் இருவரும் டாக்டரிடம் போனோம். எங்கள் குடும்பத்தைப் பல வருடங்களாகப் பார்க்கும் பெண் மருத்துவர் அவர். கன்னடத்தில்தான் பேசுவார். என்னை எடைக் கருவியில் ஏற்றினார், வயிற்றைச் சுற்றி நாடா வைத்து அளந்தார். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்தில் ஐந்தாறு கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், மூன்றாவது மாதம் ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார்.

"தினமும் எவ்வளவு நடக்கணும் மேடம்?"

"முதல் ரெண்டு வாரம் பத்துப் பதினஞ்சு நிமிஷம். அப்புறம் மெல்ல மெல்லக் கூட்டி அரை மணி நேரம். வாரத்தில் அஞ்சு நாள். கொஞ்சம் வேகமா நடக்கணும், ஆனா பக்கத்தில் வர்றவங்களோட பேச முடியணும். ராத்திரி சாதத்தைப் பாதியாக்குங்க."

"அரை மணி நேரம் போதுமா?"

"சாகு," என்றார்.

கன்னடத்தில் அதற்குப் போதும் என்று அர்த்தம். தமிழ்நாட்டிலிருந்து வரும் எங்கள் உறவினர்கள் அந்தச் சொல்லை முதல்முறை கேட்கும்போது கொஞ்சம் திடுக்கிடுவார்கள்.

எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. அரை மணி நேரம் நடந்தால் ஆறு மாதம் ஆகும் என்றால், ஒரு மணி நேரம் நடந்தால் மூன்று மாதம், இரண்டு மணி நேரம் நடந்தால் ஒன்றரை மாதம். இதை டாக்டரிடம் வாய்விட்டே கேட்டேன். அவர் சிரித்தார்.

"உடம்பு உங்க ஆபீஸ் ஃபைல் இல்லை சார், ரெண்டு ஆளைக் கூடப் போட்டா சீக்கிரம் முடியறதுக்கு."

மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் கணக்கில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து, "நானும் நடக்க வர்றேனுங்க," என்றாள் மனைவி. அவள் எடை அறுபத்தெட்டு. ரத்த அழுத்தத்துக்குத் தினமும் ஒரு மாத்திரை போடுகிறாள். நாள் முழுக்க நின்றபடியே வேலை செய்வதால் சாயங்காலத்தில் கணுக்கால் வீங்கும். கொள்ளேகாலில் பிறந்து வளர்ந்தவள். மைசூருக்கு வந்து இருபத்து நான்கு வருடங்கள் ஆகியும் பேச்சில் அந்த ஊர் "ங்க" போகவில்லை. நானோ தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து, எந்த ஊர் என்று சொல்ல முடியாத ஒரு பேச்சு பேசுகிறவன்.

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவோம். அக்ரஹாரத்திலிருந்து அரண்மனை மதில் பக்கம்தான். ஆரம்பத்தில் மதிலின் ஒரு பக்கம் மட்டும் போய்த் திரும்பினோம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டினோம். புறாக்களுக்குத் தானியம் இறைக்கும் இடம் வந்தால் மனைவி இரண்டு நிமிடம் நிற்பாள். நடந்துகொண்டே பேசுவோம். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த எங்கள் மகளைப் பற்றி, ஊசியைக் கண்டாலே மயங்கி விழும் ஒரு போலீஸ்காரரைப் பற்றி, அவளுடைய அண்ணன் கொள்ளேகாலில் கட்டிக்கொண்டிருந்த வீட்டைப் பற்றி. வீட்டில் இருக்கும்போது இவ்வளவு பேசிக்கொண்டதில்லை. மூன்று வாரத்தில் எனக்கு ஒன்றரை கிலோ குறைந்தது.

அப்போதுதான் மகள் கைக்கடிகாரம் அனுப்பினாள். அடிகளை எண்ணும், இதயத் துடிப்பைக் காட்டும், ஃபோன் வந்தால் மணிக்கட்டில் அதிரும். "அப்பா, தினமும் பத்தாயிரம் அடி. உங்க கணக்கை நான் இங்கேயிருந்தே பார்ப்பேன்," என்றாள். அந்தப் பத்தாயிரத்தை யார், எதற்காக நிர்ணயித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பத்தாயிரம் எட்டியதும் கடிகாரத்தில் பட்டாசு வெடிப்பதுபோல ஒரு படம் வரும். அரசு வேலையில் இருபத்தேழு வருடம் இருந்தவனுக்கு, செய்த வேலைக்கு உடனே ஒருவர் கைதட்டுவது புது அனுபவம்.

மனைவியோடு நடக்கும் அரை மணி நேரத்தில் நான்காயிரம் அடிகூட வரவில்லை. அதனால் நான் முதலில் ஒரு மணி நேரம் தனியாக நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவளை அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். பிறகு ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு அலுவலகத்திலிருந்து நடந்து திரும்பினேன். பத்தாயிரம் பதினைந்தாகி, பதினைந்து இருபதானது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அவளோடு நடப்பது எனக்கு வேலையாகத் தெரிய ஆரம்பித்தது. அவள் புறாக்களைப் பார்க்க நின்றால் நான் நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பேன்.

"நீங்க நிக்கறது பாத்ரூமுக்கு அவசரமா நிக்கறாப்பல இருக்குதுங்க," என்றாள் ஒருநாள்.

இரண்டரை மாதத்தில் எண்பத்தைந்துக்கு வந்தேன். அலுவலகத்தில் எல்லோரும் கேட்டார்கள், நானும் அலுக்காமல் சொன்னேன். லிஃப்ட்டுக்காக நின்றவர்களைப் படியில் ஏறச் சொன்னேன். பிறந்தநாளுக்கு ஒருவர் கொடுத்த மைசூர்பாகைக் கையால் தள்ளிவிட்டு, அவர் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். அவர் டப்பாவை மூடிக்கொண்டு போனார். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

எண்பத்தைந்தோடு எடை நின்றுவிட்டது. ஐந்து வாரம் முள் அசையவில்லை. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான், இன்னும் கொஞ்சம் நடந்தேன். என்ன சாப்பிடுகிறேன் என்று பார்க்கவே இல்லை. இரண்டு மணி நேர நடைக்குப் பிறகு வருவது சாதாரணப் பசி அல்ல. அவளை வீட்டில் விட்டுவிட்டு மறுபடி நடந்து திரும்பும் வழியில் ஒரு ஹோட்டலில் செட் தோசை சாப்பிடுவேன். மூன்று தோசை, சாகு என்று அதே பெயரில் ஒரு காய்கறிக் குருமா, ஓரத்தில் வெண்ணெய். நடந்தாயிற்றே என்று இன்னொரு செட். வீட்டுக்கு வந்து அவள் செய்துவைத்திருக்கும் உப்புமாவையும் மரியாதைக்குக் கொஞ்சம். ராத்திரி சாதத்தைப் பாதியாக்கச் சொன்னதை மூன்றாவது வாரமே மறந்திருந்தேன்.

நடக்காத நேரமெல்லாம் களைப்பு. அலுவலகத்தில் மத்தியானம் கண் சொருகும். முன்பெல்லாம் தண்ணீர் மோட்டார் போடுவது, காய்கறி வாங்குவது, துணி மடிப்பது எல்லாம் என் வேலை. ஒவ்வொன்றாக அவள் கைக்குப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோபாவில் படுத்திருந்த என்னைத் தாண்டித் துணிக்கூடையை எடுத்துப் போனவள் சொன்னாள்: "நடக்கற நேரம் போக மீதி நேரமெல்லாம் படுத்தே கெடக்கறீங்க. மொத்தத்துல பாத்தா முன்னைக்கு இப்பத்தான் கம்மியா அசையறீங்கன்னு தோணுதுங்க."

"பொறாமை," என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மூன்றாவது மாதம் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டியதையும் தள்ளிப்போட்டேன். ஆறாவது மாதம் எண்பதோடு போய் அவரை அசத்த வேண்டும் என்று நினைத்தேன்.

எடை அசையாததால் ஞாயிற்றுக்கிழமைகளில் சாமுண்டி மலைப் படி ஏறத் தொடங்கினேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். முதல் தடவை முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. ஐந்து வாரத்தில் இருபத்தைந்துக்குக் கொண்டுவந்தேன். ஆறாவது ஞாயிறன்று மனைவியும் வருகிறேன் என்றாள். பெங்களூரில் மகளுக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது, அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாளாம். தரிசனம் முடியும்வரை எதுவும் சாப்பிடமாட்டேன் என்று வெறும் காபியோடு கிளம்பினாள். ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் மேலே போய்விடு என்று நான் சொல்லியிருக்கலாம். உனக்கும் நல்லதுதான், ஏறலாம் வா என்று சொன்னேன்.

ஆறரை மணிக்குக் கீழே முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டு ஏற ஆரம்பித்தோம். வேண்டுதலுக்காக ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு ஐந்தாறு பெண்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். நூற்றைம்பது படி தாண்டியதும் மனைவிக்கு மூச்சு வாங்கியது. நின்றாள். நானும் நின்றேன். கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"நீங்க போங்க. நான் மெல்ல வர்றேன்."

"பரவாயில்லை, வா."

"போங்கன்னா போங்க. மேல இருங்க, வந்தர்றேன்."

போனேன். அன்றைக்கு இருபத்து மூன்று நிமிடத்துக்குள் ஏறிவிட வேண்டும் என்று மனத்தில் வைத்திருந்தேன். அவளோடு வந்ததில் ஏற்கெனவே சில நிமிடங்கள் வீணாகிவிட்டன என்று தோன்றியதால், கடிகாரத்தில் கணக்கை அழித்துவிட்டு அங்கிருந்து புதிதாக ஆரம்பித்தேன். படி வழியில் இருக்கும் பெரிய நந்தி சிலையை நெருங்கும்போது மணிக்கட்டு அதிர்ந்தது. கடிகாரத்தின் முகத்தில் அவள் பெயர். இன்னும் முந்நூறு படிதான் பாக்கி. நின்று பேசினால் துடிப்பு இறங்கும், நேரம் போகும். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதிர்ந்தது. மறுபடியும் அழுத்தினேன்.

உச்சிக்குப் போய்க் கடிகாரத்தைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். தண்ணீர் குடித்தேன். அதன் பிறகுதான் மனைவியைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பத்து நிமிடம் காத்திருந்தேன். மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கீழே இறங்க ஆரம்பித்தேன்.

நந்திக்குக் கீழே, குங்குமம் வைத்துக்கொண்டு வந்த பெண்களைப் பார்த்தேன். பச்சைப் புடவை கட்டிய அம்மா ஒருவரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர்களில் ஒருத்தி நிமிராமல் படியில் விரலை வைத்தபடியே கன்னடத்தில் சொன்னாள்: "தலை சுத்தி உட்கார்ந்துட்டாங்க. ரெண்டு பொண்ணுங்க பிடிச்சுக் கீழே கூட்டிட்டுப் போனாங்க."

அங்கிருந்து ஓடினேன். இறங்கும் படியில் ஓடக் கூடாது என்று தெரியும். இரண்டிரண்டு படியாகத் தாவினேன். ஓர் இடத்தில் வலது பாதம் படியின் விளிம்பில் பட்டுச் சுரீரென்றது. நிற்கவில்லை.

கீழே இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் சிமென்ட் மேடையில் அவள் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கையில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிய வெள்ளரித் துண்டு. இரண்டு பக்கமும் கல்லூரிப் பெண்கள் இருவர். ஒருத்தி தன் துப்பட்டாவால் விசிறிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அங்கிள், ஃபோனை எடுக்கக் கூடாதா?"

"விடும்மா," என்றாள் மனைவி.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சத்தம் கேட்கலை," என்றேன்.

அவள் வெள்ளரித் துண்டை மென்று விழுங்கினாள். பிறகு அந்தப் பெண்களுக்குக் கேட்காத குரலில், "முழுசா அடிச்சு ஓயலைங்க. பாதியில கட் ஆச்சு. ரெண்டு தடவையும்," என்றாள்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். மறுநாள் அவளே டாக்டரிடம் போய் ஈசிஜி எடுத்துக்கொண்டாள். இதயத்தில் ஒன்றுமில்லை. வெறும் வயிறு, மாத்திரை, பழக்கமில்லாத ஏற்றம், மூன்றும் சேர்ந்துகொண்டன என்றாராம். சண்டை எதுவும் நடக்கவில்லை. வீட்டில் எல்லாம் வழக்கம்போலவே இருந்தது. ஆனால் காலையில் என்னோடு நடக்க அவள் வரவில்லை. நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் நேரத்தில் அவள் தன் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்புவாள். சரியாக அரை மணி நேரத்தில் திரும்பிவிடுவாள்.

அந்தச் சமயத்திலாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். பாதத்தின் மேல்பக்கம், சுண்டுவிரலுக்குப் பின்னால் ஒரு வலி இருந்துகொண்டே இருந்தது. நடக்க ஆரம்பித்துச் சூடேறினால் மரத்துப்போகும், உட்கார்ந்து எழுந்தால் குத்தும். தைலம் தடவினேன். புது ஷூ வாங்கினேன். இரண்டு நாள் விட்டால் போட்ட உழைப்பெல்லாம் போய்விடும் என்று பயம். உண்மையில் எடையைவிடக் கடிகாரத்தில் தொடர்ந்து வரும் அந்தப் பட்டாசு நின்றுவிடுமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. மூன்று வாரம் இப்படி ஓட்டினேன். நான்காவது வாரம் ஒரு காலை கட்டிலை விட்டு இறங்கி வலது காலை ஊன்றினேன். ஊன்ற முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். முதல் குரலுக்கே வந்துவிட்டாள்.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் மயிரிழை போல விரிசல் என்றார். ஒரே அடியில் வந்ததல்ல, ஓய்வு கொடுக்காமல் திரும்பத் திரும்பப் போட்ட பாரத்தால் வந்தது. முழங்கால்வரை வரும் ஒரு பெரிய பூட்ஸை மாட்டிவிட்டு, ஆறு வாரம் நடையே கூடாது என்றார்.

முதல் வாரம் நான் வீட்டில் யாருக்கும் நல்லவனாக இல்லை. காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும், செய்வதற்கு ஒன்றும் இருக்காது. தினமும் எடைக் கருவியில் ஏறி நின்றேன், பூட்ஸோடு ஒருமுறை, பூட்ஸைக் கழற்றிவைத்துவிட்டு ஒருமுறை. முதல் வாரத்தில் ஒரு கிலோ கூடியது. தொண்ணூற்றொன்றுக்குத் திரும்பப் போகிறேன் என்று முடிவே செய்துவிட்டேன். மகள் ஃபோனில், "அப்பா, அந்த வாட்ச்சை நான் அனுப்பியிருக்கவே கூடாது," என்றாள். அவள் மேல் தப்பில்லை என்று சொன்னேன். கடிகாரத்தைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டேன்.

மனைவிதான் ஓர் ஏற்பாடு செய்தாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை, தட்டு மாறியது. காலையில் செட் தோசைக்கு வழி இல்லை, நான் எங்கேயும் போக முடியாது. இரண்டு இட்லி, ஒரு முட்டை. மத்தியானம் ஒரு கரண்டி சாதம், அதைவிட இரண்டு மடங்கு பொரியல். ராத்திரி சின்னதாக ஒரு ராகிக் களி உருண்டை, தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு போன்ற சாறு. அவள் சில மாதங்களாகவே இப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பதை ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தும் நான் கவனித்திருக்கவில்லை. அவள் எடை அறுபத்து மூன்றுக்கு வந்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நான்காவது வாரம் எடைக் கருவியில் ஏறியபோது எண்பத்து மூன்றரை காட்டியது. கருவி கெட்டுவிட்டதோ என்று அவளை ஏறச் சொல்லிப் பார்த்தேன். கெடவில்லை. மூன்று மணி நேர நடையால் அசையாத முள், ஒரு அடிகூட வைக்காமல் இறங்கியிருந்தது. எனக்கு அது சந்தோஷமாக இல்லை. கிட்டத்தட்ட அவமானமாக இருந்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை, அவளுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். சாப்பிட்டுவிட்டு மேஜையிலேயே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு பிடி எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

"மலையில அன்னிக்கு ஃபோனை நான்தான் கட் பண்ணேன்," என்றேன். "ரெண்டு தடவையும். டைம் போயிடும்னு."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சும் ஏன் கேட்கலை?"

அவள் ஒரு கை நிறைய அவரையை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"கண்ணு இருட்டிட்டு வந்தப்ப எனக்கு உசுருக்குப் பயமில்லைங்க. ரத்தத்தோட வேலை செய்யறவ நான், இது என்னன்னு எனக்கே தெரிஞ்சுது. ரெண்டாவது தடவையும் கட் ஆனப்பத்தான் பயந்தேன். இந்த மனுசன் இறங்கி வரமாட்டாரோன்னு தோணிருச்சு."

"வந்தேனே."

"வந்தீங்க," என்றாள். "வந்து பொய் சொன்னீங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல் அதிகம் புழங்கியதில்லை, அதனால் அது எங்கள் இருவருக்குமே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அவள் சரி என்று தலையசைத்துவிட்டு, உரித்த தோலை எடுத்துப் போடச் சொன்னாள்.

பூட்ஸோடுதான் ஆறாவது மாதம் டாக்டரிடம் போனேன். அவர் என் காலைப் பார்த்தார், பிறகு தாளைப் பார்த்தார். சர்க்கரை குறைந்திருந்தது, ஆனால் வாசலை விட்டு முழுதாகப் போகவில்லை.

"நான் எவ்வளவு சொன்னேன்?"

"அரை மணி."

"நீங்க?"

"மூணு மணி நேரம்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு நிதானமாகப் பேசினார். "அரை மணி நேரத்துக்கு மேல நடக்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. ஒரு மணி நேரம் தினமும் நடக்கறவங்க இருக்காங்க, அவங்க உடம்பு அதுக்குப் பழகியிருக்கு. நீங்க இருபது வருஷம் உட்கார்ந்துட்டு ரெண்டு மாசத்தில் அதைப் பிடிக்கப் பார்த்தீங்க. காய்ச்சல் வந்து பத்து நாள் விட்டாலும் பதினோராம் நாள் பயமில்லாம மறுபடி ஆரம்பிக்கற மாதிரி ஒரு அளவு வேணும். எடை முக்கால்வாசி சாப்பாட்டில் குறையும். நடை எதுக்குன்னா, குறைஞ்சது திரும்பி வராம இருக்க, சர்க்கரைக்கு, தூக்கத்துக்கு. வாரத்தில் ரெண்டு நாள் கால், தோளுக்குப் பலம் வர்ற பயிற்சியும் செய்யுங்க. ஒரு நாளாவது சும்மா இருங்க."

"சும்மா இருக்கறதும் கணக்கில் சேருமா?"

"அன்னிக்குத்தான் எலும்பு தன்னைச் சரி பண்ணிக்குது."

பூட்ஸ் கழன்ற மறுநாள் காலை, மனைவி செருப்பு மாட்டும்போது நானும் கூடவே போய் நின்றேன். அவள் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. தெருமுனைவரை போய்த் திரும்பினோம், பத்து நிமிடம். என் வலது காலில் சதை வற்றிப்போயிருந்தது. அவள் என்னைவிட ஓரடி முன்னால் நடந்தாள், அவ்வப்போது நின்று திரும்பிப் பார்த்தாள். எனக்கு மூச்சு வாங்கினால், "பேசுங்க பாக்கலாம்," என்பாள். பேச முடியாவிட்டால் வேகத்தைக் குறைப்போம். அரை மணி நேரத்துக்கு வர இரண்டு மாதம் ஆனது.

இதெல்லாம் நடந்து இப்போது ஒன்றரை வருடம் ஆகப் போகிறது. வாரத்தில் ஐந்து நாள் நடக்கிறோம். அரை மணி, சில நாள் நாற்பது நிமிடம். செவ்வாயும் வெள்ளியும் நடையோடு கூடவே நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சி, இரண்டு தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்குவது. ஞாயிறு ஒன்றுமில்லை. மோட்டார் போடுவதும் காய்கறி வாங்குவதும் மறுபடி என் பொறுப்பு. என் எடை எண்பத்தொன்று. அது எண்பதுக்குக் கீழே போகவில்லை, போகாது என்றே நினைக்கிறேன். சர்க்கரை ஒரு வருடமாக எல்லைக்குள் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நடந்தால் என்ன என்ற ஆசை அவ்வப்போது வருகிறது, குறிப்பாக யாராவது என் எடையை விசாரித்தால். மைசூர்பாகு கொடுத்தவரிடம் போய் வருத்தம் தெரிவித்தேன். அவர் அதை மறந்துவிட்டதாகச் சொன்னார். மறந்திருக்கமாட்டார்.

இந்த மாதம் மனைவிக்கு வேலை நேரம் மாறியிருக்கிறது. காலை ஆறரைக்கே பரிசோதனைக் கூடத்தில் இருக்க வேண்டும். அதனால் நடையைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டோம். சாயங்காலத்தில் அரண்மனைப் பக்கம் சுற்றுலாக் கூட்டமும் குதிரை வண்டியும் அதிகம், வேகமாக நடக்க முடியாது. அதற்குப் பதில் அக்ரஹாரத்துத் தெருக்களுக்குள்ளேயே சுற்றி வருகிறோம். நேற்று அந்த நேரத்துக்கு நல்ல மழை. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேண்டாமுங்க," என்றாள். நாங்கள் போகவில்லை.